பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களையும் அச்சிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளியான மவுத் ஆர்கன் பற்றிய கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று சட்டைப்பையில் அடங்கும் இந்தச் சிறிய வாத்தியத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்கியதே எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பெல்ஜியத்தில் பிறந்த டூட்ஸ் தீல்மன்ஸ் என்ற பெருங்கலைஞரைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்திய கட்டுரையாளருக்கு என் நன்றி. ஆனால் அவருடைய 'மேன் பைட்ஸ் ஹார்மோனிகா' என்ற இசைத்தட்டைப் பற்றிச் சொல்லுமிடத்தில், 'பக்கவாத்தியக் குழுவினருடன் பதிவு செய்தது' என்ற ஒற்றை வரியோடு கட்டுரை நகர்ந்துவிட்டது. அந்தக் குழுவில் இருந்த நால்வரில் ஒருவருடைய பெயர்கூட இல்லை. இடப் பற்றாக்குறையால் விடுபட்டிருக்கலாம் என்று முதலில் சமாதானம் செய்துகொண்டேன். இரண்டு நாள் யோசித்த பிறகு, அந்த நான்கு பெயர்களும் இல்லாமல் அந்த இசைத்தட்டைப் பற்றி எதுவுமே சொன்னதாகாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

மார்கழி மாதம் தங்கள் நாளிதழில் வரும் கச்சேரி விமர்சனங்களைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். பாடியவர் எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார் என்று எழுதாமல் தங்கள் விமர்சகர்கள் விடுவதில்லை. தம்புரா போட்டவரின் பெயரைக்கூடச் சில சமயம் கண்டிருக்கிறேன். ஆலாபனையில் பாடகர் விட்ட இழையை வயலின்காரர் எப்படி எடுத்துத் தந்தார், தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு எவ்வளவு கச்சிதமாக அமைந்தது என்றெல்லாம் அவர்கள் எழுதுவதற்குக் காரணம், கச்சேரி என்பது ஒருவர் செய்வதல்ல என்பது நம் எல்லோருக்கும் தெரியும் என்பதுதான். அதே நியாயம் நியூயார்க்கில் பதிவான ஒரு ஜாஸ் இசைத்தட்டுக்கும் உண்டு. அங்கே அந்த நியாயம் இன்னும் கூடுதலாகவே பொருந்தும் என்பது என் எண்ணம்.

1957-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதியும், அடுத்த ஆண்டு ஜனவரி 7-ஆம் தேதியும் அந்தப் பதிவு நடந்தது. வெளியிட்டது ரிவர்சைடு என்ற சிறிய நிறுவனம். தயாரிப்பாளர் அதன் நிறுவனர்களில் ஒருவரான ஓரின் கீப்னியூஸ். தீல்மன்ஸுக்கு அப்போது வயது 35. 1922-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் உணவகம் நடத்திவந்த பெற்றோருக்குப் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே அக்கார்டியனைப் பழகி, பதின்ம வயதில் மவுத் ஆர்கனையும் பிறகு கிட்டாரையும் கற்றுக்கொண்டவர். 1950-இல் அமெரிக்கக் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மன் ஐரோப்பாவில் பயணம் செய்தபோது அவருடன் வாசித்தவர். 1952 வாக்கில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். அடுத்த ஆண்டிலிருந்து பார்வையற்ற ஆங்கிலேயப் பியானோ கலைஞரான ஜார்ஜ் ஷியரிங்கின் ஐவர் குழுவில் அவருக்கு நிலையான இடம் கிடைத்தது. அந்த இடம் கிட்டார்காரருக்கான இடம் என்பதை மறக்கக் கூடாது. மவுத் ஆர்கன் அங்கே இடையிடையே வந்துபோகும் ஒரு சிறப்பு விருந்து. ரசிகர்கள் வியந்து கைதட்டுவார்கள். பிறகு அவர் கிட்டாரைக் கையில் எடுத்துக்கொள்வார்.

இந்த நிலையில், அந்தக் காலத்து நியூயார்க்கின் கடுமையான ஜாஸ் கலைஞர்கள் நால்வரோடு, வேறெந்த அலங்காரமும் இல்லாமல், டெனர் சாக்ஸபோனோ டிரம்பெட்டோ நிற்க வேண்டிய இடத்தில் மவுத் ஆர்கனை நிறுத்திப் பதிவு செய்வது என்பது சாதாரண முடிவு அல்ல. பின்னணியில் வயலின் கூட்டம் இல்லை. ஐந்தே பேர்.

அந்த நால்வரும் யார் என்று பார்ப்போம். பாரிட்டோன் சாக்ஸபோன் வாசித்த பெப்பர் ஆடம்ஸுக்கு அப்போது வயது 27. டெட்ராய்ட் நகரில் உருவான கலைஞர். உருவத்தில் பெரியதும் குரலில் கனமானதுமான அந்த வாத்தியத்தில் கத்தியைப் போன்ற கூர்மையோடு வாசித்ததால், சக கலைஞர்கள் அவருக்குக் 'கத்தி' என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். பியானோவில் கென்னி ட்ரூ. இந்தப் பதிவுக்கு மூன்றரை மாதம் முன்பு, அதே 1957 செப்டம்பரில், சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெயின்' பதிவில் பியானோ வாசித்தவர் அவர்தான். டபுள் பேஸில் வில்பர் வேர். அந்த ஆண்டுக் கோடையில் ஃபைவ் ஸ்பாட் என்ற விடுதியில் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்கின் குழுவில் கோல்ட்ரேனோடு நின்று வாசித்தவர். நவம்பர் 3-ஆம் தேதி வில்லேஜ் வான்கார்டு என்ற இசை விடுதியில் சாக்ஸபோன் கலைஞர் சோனி ராலின்ஸ் பதிவு செய்த புகழ்பெற்ற நேரடிக் கச்சேரியிலும் பேஸ் வாசித்தவர். டிரம்ஸில் ஆர்ட் டெய்லர். பின்னாளில், 1959-இல், கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' இசைத்தட்டின் பெரும்பகுதிக்கு டிரம்ஸ் வாசித்தவர். சக கலைஞர்களைத் தாமே நேர்காணல் கண்டு ஒரு நூலாகவும் தொகுத்தவர். பிறர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கும் குணம் அவருக்கு மேடையிலும் இருந்தது, மேடைக்கு வெளியிலும் இருந்தது என்பதற்கு இது சான்று.

இவர்களைத்தான் கட்டுரை 'பக்கவாத்தியக் குழுவினர்' என்று கடந்து போனது. ஓர் இளம் நாகசுரக் கலைஞர் முதன்முதலாகத் தம் பெயரில் ஒரு தட்டு வெளியிடும்போது, அவருக்கு அந்தக் காலத்தின் தலைசிறந்த தவில் வித்துவான்கள் வந்து வாசித்தால் அதை நாம் 'மேளக் குழுவினர்' என்று எழுதுவோமா?

ஆங்கிலத்தில் இந்த வகை இசையை 'ஸ்ட்ரெயிட் அஹெட்' ஜாஸ் என்பார்கள். நண்பர்களிடம் பேசும்போது நான் அதை 'நேர்நடை ஜாஸ்' என்று சொல்வது வழக்கம். ராக் தாளமோ மின்னணு ஓசைகளோ கலக்காமல், பேஸ் கலைஞர் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுரம் என்று சீராக நடந்துபோக, டிரம்ஸ் கலைஞர் வலக்கையால் சிம்பல் தட்டின் மீது ஊஞ்சலாடுவது போன்ற ஒரு நடையைப் பிடித்துவைக்க, அதன் மீது முதலில் மெட்டும், பிறகு ஒவ்வொருவருடைய கற்பனையும், கடைசியில் மீண்டும் மெட்டுமாக அமைவது அது. அந்த ஊஞ்சல் நடையில் நம்முடைய திஸ்ர நடையின் சாயல் உண்டு. ஆனால் கணக்காக மூன்றாய்ப் பிரிப்பதில்லை, வேகத்துக்குத் தக்கபடி அது இளகும். மெட்டு பெரும்பாலும் 32 பார்கள் கொண்டது (பார் என்பது பொதுவாக நான்கு தட்டுகள் கொண்ட ஒரு தாள அளவு). அது சுற்றிச் சுற்றி வரும். எத்தனை சுற்று வாசித்தாலும், எந்தப் பாரில் நிற்கிறோம் என்பதை ஐந்து பேரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். கைத்தாளம் போட்டுக் காட்ட யாரும் இல்லை. ஒருவர் தடுமாறினால் மற்றவர் தாங்க வேண்டும். டிரம்ஸ் கலைஞரும் மற்றவர்களும் நான்கு நான்கு பார்களாகப் பங்கிட்டு வாசிக்கும் வழக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மிருதங்கமும் கடமும் மாறி மாறிச் செய்யும் குறைப்பு நினைவுக்கு வரும்.

இப்படிப்பட்ட இசையில் மவுத் ஆர்கன் ஏன் கடினம் என்பதைக் கொஞ்சம் விளக்க அனுமதிக்க வேண்டும். கட்டுரையில் 'குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்' என்று ஒரு வரி வந்ததால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜாஸ் கலைஞர்கள் பெரும்பாலும் வாசிப்பது குரோமாட்டிக் ஹார்மோனிகா, அதாவது எல்லா அரை சுரங்களையும் எடுக்கக்கூடிய மவுத் ஆர்கன். 12 துளைகள், வலப்பக்கம் ஒரு பொத்தான். ஒவ்வொரு துளையிலும் ஊதினால் ஒரு சுரம், மூச்சை உள்ளிழுத்தால் ஒரு சுரம், பொத்தானை அழுத்திக்கொண்டு ஊதினாலும் இழுத்தாலும் அந்தந்தச் சுரத்துக்கு அரை சுரம் மேலே என்று நான்கு சுரங்கள். ஆக மொத்தம் 48 பித்தளை நாக்குகள் உள்ளே இருக்கின்றன. முதல் துளையில் ஊதினால் சட்ஜம், இழுத்தால் ரிஷபம். இரண்டாம் துளையில் ஊதினால் காந்தாரம், இழுத்தால் மத்யமம். மூன்றாவதில் ஊதினால் பஞ்சமம், இழுத்தால் தைவதம். இதுவரை ஊதல், இழுப்பு என்று ஒழுங்காக மாறிவரும். நான்காவதில்தான் சிக்கல்: அங்கே இழுத்தால் நிஷாதம், ஊதினால் மேல் சட்ஜம். எனவே சங்கராபரண ஆரோகணத்தை வாசிக்கும் குழந்தைகூட, தைவதமும் நிஷாதமும் வரும்போது இரண்டு முறை தொடர்ந்து மூச்சை இழுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்தேன்.

சாக்ஸபோன்காரருக்கு மூச்சு ஒரே திசையில்தான் போகும். ஒரு நீண்ட சங்கதியை ஒரே மூச்சில் இழையறாமல் வாசித்துவிட்டு, இடைவெளியில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். மவுத் ஆர்கன்காரருக்கு மூச்சு வாங்குவதே ஒரு சுரம். மூச்சின் திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஓசையில் ஒரு சிறு வெட்டு விழும். ஜாஸில் நொடிக்கு ஐந்து, ஆறு சுரங்கள் என்று ஓடும்போது அந்த வெட்டுகள் எங்கே விழுகின்றன என்பதை வாசிப்பவர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். இல்லையென்றால் வாக்கியத்தின் நடுவே தவறான இடத்தில் காற்புள்ளி வைத்தது போல் ஆகிவிடும். இதற்கு ஒரு வழி உண்டு. சுத்த மத்யமத்தை இரண்டாம் துளையில் இழுத்தும் எடுக்கலாம். பொத்தானை அழுத்திக் காந்தாரத்தை ஊதியும் எடுக்கலாம். மேல் சட்ஜத்தை ஊதியும் எடுக்கலாம். பொத்தானை அழுத்தி நிஷாதத்தை இழுத்தும் எடுக்கலாம். எந்தச் சுரத்தை எந்தத் திசையில் எடுத்தால் அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகலாம் என்ற கணக்கு, விரலுக்குத் தெரியாமல் மூச்சுக்கே தெரிந்திருக்க வேண்டும். தீல்மன்ஸ் பல்லாண்டு உழைத்துப் பெற்றது அதுதான். அவருடைய வாசிப்பில் மூச்சு திரும்பும் இடம் காதுக்குத் தெரியவே தெரியாது. அல்லது வாக்கியம் மூச்சு விட வேண்டிய இடத்திலேயே அது விழும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இது மிகச் சிறிய குரல் கொண்ட வாத்தியம். பாரிட்டோன் சாக்ஸபோனும் டிரம்ஸும் அதே கூடத்தில் இருக்கின்றன. ஒருவர் தம் பலத்தை முழுவதும் காட்டினால் மவுத் ஆர்கன் காணாமல் போய்விடும். சிம்பலின் ஓசையும் மவுத் ஆர்கனின் ஓசையும் உயரத்தில் ஏறக்குறைய ஒரே வட்டாரத்தில் உலவுபவை. டிரம்ஸ் கலைஞர் கவனமில்லாமல் சிம்பலை அடித்தால் மவுத் ஆர்கனின் நுனிச் சுரங்கள் அதற்குள் கரைந்துவிடும். இந்தத் தட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அப்படி நடக்காமல் பார்த்துக்கொண்டவர்களின் பெயர்கள்தாம் கட்டுரையில் இல்லாமல் போயின.

ஆர்ட் டெய்லரின் கையைக் கவனித்துக் கேளுங்கள். வேகம் குறையவே குறையாது. ஆனால் தீல்மன்ஸ் கீழ்ஸ்தாயிக்கு இறங்கும்போது சிம்பலின் ஓசை ஒரு படி உள்வாங்கியது போல் இருக்கும். வில்பர் வேர் நிறைய சுரங்களை வாசிப்பவர் அல்லர். அந்தக் காலத்துப் பேஸ் கலைஞர்களில் பலர் வேகத்தை நாடிப் போய்க்கொண்டிருந்தபோது, ஆதார சுரத்தையே திரும்பத் திரும்பப் பிடித்து, மரத்தில் தட்டுவது போன்ற கனத்தோடு அதை ஊன்றி, இடையில் வெற்றிடத்தை விட்டுவைப்பவர். அந்த வெற்றிடத்தில்தான் மவுத் ஆர்கன் மூச்சு விடுகிறது. கென்னி ட்ரூ தம் முறை வரும்வரை, தேவையான இடத்தில் இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்து வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறார். நல்ல வயலின் பக்கவாத்தியக்காரர், பாடகர் நிரவல் செய்யும்போது எங்கே வில்லை எடுத்துவிட வேண்டும் என்று அறிந்திருப்பாரே, அந்த அறிவு.

எனக்கு மிகவும் பிடித்தது, மவுத் ஆர்கனும் பாரிட்டோன் சாக்ஸபோனும் சேர்ந்து மெட்டை வாசிக்கும் இடங்கள். ஒன்று உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். மற்றொன்றைக் கழுத்தில் வார் போட்டுச் சுமக்க வேண்டும். இவை இரண்டும் ஒரே சங்கதியை, ஒன்று மேலேயும் மற்றது வெகு கீழேயுமாக, ஒரே நடையில் சொல்லும்போது, நடுவில் இருக்கும் இடைவெளி காலியாகத் தோன்றுவதில்லை. மகளும் தந்தையும் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடுவது போல் இருக்கும். பிறகு தனித்தனியே கற்பனை தொடங்கும்போது பெப்பர் ஆடம்ஸ் விட்டுக்கொடுத்து வாசிப்பதில்லை. பாவம், சின்ன வாத்தியம் என்று இரக்கப்பட்டுத் தம்மைக் குறைத்துக்கொள்வதில்லை. தம் முறை வரும்போது கத்தியை உருவியே வாசிக்கிறார். அடுத்து வரும் தீல்மன்ஸ் அதற்கு ஈடுகொடுத்தாக வேண்டும், கொடுக்கிறார். ஒரு புதிய வாத்தியத்துக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை அதுதான் என்று நான் நினைக்கிறேன். மாண்டலினில் ஸ்ரீநிவாஸ் சிறு பிள்ளையாகக் கர்நாடக இசை மேடையில் அமர்ந்தபோது, பக்கத்தில் அமர்ந்த பெரியவர்கள் அவருக்காகத் தாளத்தை எளிமையாக்கி வாசித்திருந்தால் அந்த வாத்தியம் மேடையில் வேரூன்றியிருக்காது.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் விளங்காது. தொண்ணூறுகளின் நடுவில், அலுவலக நண்பர்கள் சேர்ந்து கொடுத்த பணத்தில், மவுத் ஆர்கனில் எட்டுப் பாடல்களைக் கேசட்டாகப் பதிவு செய்ய ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனேன். குளிரூட்டிய அறையில் முக்கால் மணி நேரம் காத்திருந்ததில் வாத்தியம் சில்லிட்டுப் போயிருந்தது. உள்ளே நாக்குகளின் மேல் காற்றைத் தடுக்க ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகள், மூச்சின் ஈரம் குளிர்ந்து படிந்தவுடன் ஒட்டிக்கொள்ளும்; சுரம் பேசுவதற்கு முன் 'டப்' என்று ஒரு வெடிப்புக் கேட்கும். ஐந்தாம் துளையில் அது திரும்பத் திரும்ப வந்தது. அக்குளில் வைத்துச் சூடேற்றிவிட்டு மீண்டும் வாசித்தேன். வாசிக்கும் முன் வாத்தியத்தை உடல் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற அடிப்படைப் பாடத்தை அன்று கற்றேன். அது என் பிழை, பிறகு சரியாயிற்று. சரியாகாதது வேறு. டிரம்ஸும் பேஸும் கீபோர்டில் முன்பே பதிவு செய்யப்பட்டிருந்தன. ஒலிப்பதிவாளர், "மவுத் ஆர்கன்னா எக்கோ இல்லாம எடுபடாது சார்" என்று சொல்லி எதிரொலியைக் கூட்டிவிட்டார். பல்லவியின் முடிவில் ஒரு சங்கதியை நான் சற்று நீட்டினேன். இயந்திரம் நீட்டவில்லை. அது தன் போக்கில் சரணத்துக்குப் போய்விட்டது. நான் ஓடிப் பிடித்தேன். அந்தக் கேசட்டை இன்றும் வைத்திருக்கிறேன். பிழையில்லாமல்தான் வாசித்திருக்கிறேன். ஆனால் அதில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. நான் வாசித்ததைக் கேட்டவர் ஒருவரும் அந்தக் கேசட்டுக்குள் இல்லை.

அதன் பிறகு சில மாதங்களில், வெளிநாட்டிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் 'மேன் பைட்ஸ் ஹார்மோனிகா'வின் மறுபதிப்புக் குறுந்தகட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் மெட்டு முடிவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது, என் கேசட்டில் இல்லாதது எது என்று. எதிரொலி அல்ல, நால்வர்.

தீல்மன்ஸ் தம் வாழ்நாள் முழுவதும் இதே வழியில்தான் சென்றார் என்று சொல்ல முடியாது. விசிலும் கிட்டாரும் சேர்ந்து ஒலிக்கும் 'ப்ளூசெட்' என்ற அவருடைய மெட்டு உலகமெங்கும் போயிற்று. திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சிக்கும் அவர் நிறைய வாசித்தார். 'மிட்நைட் கவ்பாய்' படத்தின் முகப்பு இசையில் கேட்கும் ஏக்கம் அவருடைய மூச்சுதான். ஆனால் பெரிய கலைஞர்களோடு சமமாக அமர்ந்து வாசிக்கும் வாய்ப்பை அவர் கடைசிவரை தேடிப் போய்க்கொண்டே இருந்தார். 1978 அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் நியூயார்க்கில் பியானோ கலைஞர் பில் எவன்ஸோடு பதிவு செய்த 'அஃபினிட்டி' அதற்கு இன்னொரு சான்று. அந்தத் தட்டைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு வருத்தம்.

அது முற்றிலும் வேறு மனநிலை. அங்கே கத்தி இல்லை. எவன்ஸின் பியானோ, ஒரு சுரக்கூட்டை வைத்துவிட்டு அது தேய்ந்து மறையும்வரை காத்திருக்கும் இயல்புடையது. மவுத் ஆர்கனோ தேயாமல் இழுத்துப் பிடிக்கக்கூடியது. பியானோ விட்ட இடத்தில் மவுத் ஆர்கன் தொடர்கிறது. தீல்மன்ஸ் தம் இசைக்கு உகந்த இடம் புன்னகைக்கும் கண்ணீருக்கும் நடுவிலுள்ள சிறு இடம் என்று சொல்வாராம். அந்த இடத்தை நான் மிகத் தெளிவாகக் கேட்டது இந்தத் தட்டில்தான். பேஸ் வாசித்த மார்க் ஜான்சனுக்கு அப்போது வயது 25; எவன்ஸோடு அவர் செய்த முதல் பதிவு இது. டிரம்ஸ் வாசித்த எலியட் சிக்மண்டுக்கோ எவன்ஸோடு இதுதான் கடைசிப் பதிவு. சாக்ஸபோனும் புல்லாங்குழலும் வாசித்தவர் லாரி ஷ்னைடர். தயாரிப்பாளர், எவன்ஸின் நீண்டகால மேலாளரான ஹெலன் கீன். வந்தவர் ஒருவர், விடைபெற்றவர் ஒருவர் என்று அமைந்த அந்த நான்கு நாள் பதிவுக்குப் பின் இரண்டு ஆண்டுகள்கூட நிறைவதற்குள், 1980 செப்டம்பரில், எவன்ஸ் மறைந்துவிட்டார். பெயர்களைத் தெரிந்துகொண்டு கேட்பவருக்குத்தான் இந்தத் தட்டின் முழுக் கனமும் கிடைக்கும்.

அமெரிக்காவின் 'டவுன்பீட்' இதழ் ஆண்டுதோறும் நடத்தும் வாக்கெடுப்பில் தீல்மன்ஸ் பலமுறை முதலிடம் பெற்றார். ஆனால் எந்தப் பிரிவில் என்றால், 'இதர வாத்தியங்கள்' என்ற பிரிவில். டிரம்பெட்டுக்கும் பியானோவுக்கும் தனிப் பிரிவு உண்டு. மவுத் ஆர்கனுக்கு இல்லை. அவருடைய தாய்நாடு 2001-இல் அவருக்குப் பாரன் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. அமெரிக்க அரசின் கலை நிதியம் 2009-இல் ஜாஸ் மாஸ்டர் என்ற உயரிய விருதை வழங்கியது. 2014-இல் ஓய்வை அறிவித்து, 2016 ஆகஸ்ட் 22 அன்று தம் 94-ஆம் வயதில் காலமானார். இன்று கிரெகுவார் மாரே, ஹென்ட்ரிக் மர்க்கன்ஸ், ஸ்பெயினின் அந்தோனியோ செர்ரானோ போன்றோர் நல்ல குழுவினரோடு ஜாஸ் மேடைகளில் இதே வாத்தியத்தை வாசிக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் வழிவிட வேண்டியதில்லை. வழி 1957-இன் கடைசி வாரத்திலேயே ஐந்து பேரால் போடப்பட்டுவிட்டது.

தாங்கள் செய்ய வேண்டியது சிறிய உதவிதான். தங்கள் இணைப்பில் இனி எந்த இசைத்தட்டைப் பற்றிக் கட்டுரை வந்தாலும், எந்த நாட்டு இசையாக இருந்தாலும், அதில் வாசித்தவர்கள் யார் யார் என்பதைக் கச்சேரி விமர்சனத்தில் அச்சிடுவது போலவே அச்சிட வேண்டும். இரண்டு வரி இடம் போதும். அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டுதான் ஓர் இளம் வாசகர் பெப்பர் ஆடம்ஸிலிருந்து அடுத்த தட்டுக்கும், வில்பர் வேரிலிருந்து மங்கிடமும் போய்ச் சேர முடியும். இந்த இசையை நான் கற்றுக்கொண்ட வழி அதுதான். உறையின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்த பெயர்களை ஒரு நோட்டில் எழுதிவைத்து, அடுத்த தட்டில் அதே பெயர் வருகிறதா என்று தேடுவேன்.

அதுவரை, சென்ற வாரக் கட்டுரைக்குத் திருத்தமாகக் கீழ்க்காணும் குறிப்பை வரும் ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்: 'மேன் பைட்ஸ் ஹார்மோனிகா' இசைத்தட்டில் ஹார்மோனிகாவும் கிட்டாரும் டூட்ஸ் தீல்மன்ஸ், பாரிட்டோன் சாக்ஸபோன் பெப்பர் ஆடம்ஸ், பியானோ கென்னி ட்ரூ, பேஸ் வில்பர் வேர், டிரம்ஸ் ஆர்ட் டெய்லர்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாளைய வாசகர்,
ஸ்ரீரங்கம்.